வினாவும் விடையும்: சுயேச்சைப் படம் எடுப்போரோடு உரையாடும் முறை

முகவுரை

1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்த நாள்முதல் இந்நாள்காறும் தமிழ்நாட்டார் திரைப்படங்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை எனலாம். தேநீர்க் கடையிலும் புகைவண்டியிலும், கல்லூரி விடுதியின் திண்ணையிலும் நடைபெறும் பேச்சிற் பெரும்பகுதி சினிமாவைப் பற்றியதே. ஆயினும் படத்தைப் பற்றிப் பேசுதல் வேறு; படத்தை எடுத்தவரோடு பேசுதல் வேறு. முன்னது எளிது, எவர்க்கும் இயல்வது. பின்னதோ ஒரு கலை. அக்கலைக்கும் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தை நம் முன்னோர் எழுதிவைத்த நூலினின்றே எடுத்துக் காட்டி, மாணாக்கர்க்குப் பயன்படுமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுச் ‘சுயேச்சைப் படம்’ என்று யாம் குறிப்பது இன்னதெனத் தெளிவாக வரையறுத்துக் கொள்ளுதல் நலம். பெருமுதலாளியின் கட்டளைக்கும் வாணிகச் சந்தையின் வழக்கத்திற்கும் கட்டுப்படாது, ஒருவரோ சிலரோ தாம் சொல்ல விரும்பியதைத் தாம் விரும்பிய வண்ணம் எடுக்கும் படமே அது. அதற்குப் பின்னர்ப் பொருளுதவி செய்வோர் யாவராயினும் ஆகுக. எடுக்குங்கால் முடிவு செய்யும் உரிமை எடுப்பவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து. இத்தகைய படங்களுக்குச் சுவரொட்டியும் விளம்பரமும் குறைவு. அரங்குகளில் ஓடும் நாட்களும் குறைவு. ஆகலின், படமெடுத்தவரோடு நிகழும் உரையாடலே பலவிடத்தும் அப்படத்தின் செய்தியை மக்களிடம் கொண்டு சேர்க்கும் தூதாக அமைகின்றது. தூது தவறின் அரசு தவறும் என்பர். உரையாடல் தவறின் படமும் பார்ப்பாரின்றி மறையும்.

சேலத்து ஸ்டூடியோவும் அதன் பின்னரும்

தருமபுரியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வார்க்குத் தொப்பூர்க் கணவாய் ஒரு வாயில். மேட்டு நிலத்தைக் கடந்து, மலைகளுக்கு இடையே வளைந்து இறங்கிச் சேலத்துச் சமவெளியை அடைதற்குப் பெருவழியும் இருப்புப்பாதையும் இவ்விடத்தையே நாடுகின்றன. இவ்வழியே இறங்கிச் சேலம் சென்று ஏற்காட்டு மலையடிவாரத்தை அடைந்தால், ஒரு காலத்தில் தமிழ்ப் பேசும்படத் தொழிலின் பெருங்கோட்டையாய் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு வளைவைக் காணலாம். 1935ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் அவர்களால் நிறுவப்பெற்ற அந்நிறுவனம், நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. 1938இல் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ அந்நிறுவனத்தின் ஆக்கமே. 1956இல் வெளியான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் வண்ணப்படமும் அங்குப் பிறந்ததே. 1963இல் சுந்தரம் மறைந்தார். பின்னர் ஸ்டூடியோவும் மறைந்தது.

அந்நாளில் ஒரு படத்தைப் பற்றி அறிய விரும்புவோன் முதலாளியைக் கேட்டால் போதும். கதையாசிரியரும் இசையாசிரியரும் நடிகரும் படம் பிடிப்போரும் ஒரே மதிற்குள் சம்பளம் பெற்றுப் பணி புரிந்தனர். ஸ்டூடியோவின் ஒழுங்கே படத்தின் ஒழுங்கு. சுயேச்சைப் படத்திற்கோ அத்தகைய மதில் இல்லை. ஊரே ஸ்டூடியோ, வெயிலே விளக்கு, ஊராரே பலகால் நடிகர். ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் பிறப்பின் கதை வேறு வேறாக அமைகின்றது. அதனை எடுத்தவரைக் கேட்டே அறிதல் வேண்டும். இதனாலேயே சுயேச்சைப் படத்திற்கு உரையாடல் இன்றியமையாததாயிற்று.

தமிழில் இம்முயற்சி புதிதன்று. 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ என்னும் படம் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு, வழக்கமான முதலாளியின்றிப் பலர் கூடிப் பொருள் சேர்த்து எடுக்கப்பெற்றது. 1965இல் எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி ‘உன்னைப்போல் ஒருவன்’ என்னும் படத்தை வெளியிட்டார். அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படம் என்னும் நற்சான்று அதற்குக் கிடைத்தது. 1977இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்னும் படத்திற்குத் திரைக்கதை எழுதியவர் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். இவ்வழியில் வந்தோரே நம் காலத்துச் சுயேச்சைப் படைப்பாளர்.

அறுவகை வினா

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துக் கூறுகின்றது. நம் மாணாக்கர் பலர் இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். மறத்தற்குரியதன்று அது. நேர்காணும் எவர்க்கும் அதனினும் நுண்ணிய வழிகாட்டி கிடைப்பது அரிது. அவ்வாறனையும் திரைப்படத்தின்மேல் ஏற்றிக் காண்போம்.

முதலாவது அறிவினா. தான் விடையறிந்தும் பிறர்பொருட்டு வினாவுவது இது. ஆசிரியர் மாணாக்கனை வினாவுவது போல்வது. ‘கூழாங்கல்’ என்னும் படம் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலிப் பரிசு பெற்றதன்றோ என்று அதன் இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜை ஒருவர் வினாவின், அது அறிவினா. கேட்போர் அறியும்பொருட்டு ஓரிரு அறிவினாக்கள் வேண்டுவனவே. ஆனால் உரையாடல் முழுவதும் இதனாலேயே நிரம்புமாயின் விடை கூறுவார் வெறுந்தலை அசைப்பதன்றி வேறொன்றும் செய்தற்கில்லை.

இரண்டாவது அறியா வினா. உண்மையாகவே அறியாமையினால் அறிதற்பொருட்டுக் கேட்பது. வினோத்ராஜின் இரண்டாம் படமாகிய ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் விழாவில் திரையிடப்பெற்றுப் பின்னர் ஆகஸ்டு 23ஆம் நாள் தமிழ்நாட்டு அரங்குகளில் வெளியாயிற்று. அப்படத்தில் பின்னணி இசை சிறிதும் இல்லை. பாட்டின்றிப் படமில்லை என்னும் வழக்குடைய நாட்டில் இசையே இன்றி ஒருவர் படமெடுத்தது ஏன்? ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் குரலும் அவ்விடத்தை எங்ஙனம் நிரப்பின? இவ்வாறு கேட்பது அறியா வினா. நல்ல உரையாடலின் உயிர் இதுவே. இதனைக் கேட்பதற்கு நாணுதல் ஆகாது. அறியாமையை மறைப்பவன் அறிவை அடையான்.

மூன்றாவது ஐய வினா. இதுவோ அதுவோ என்று துணியமாட்டாது கேட்பது. தூரத்தே தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ என்று ஐயுறுவதை உரையாசிரியர் எடுத்துக் காட்டுவர். ‘கூழாங்கல்’லில் வறண்ட நிலத்தின் வழியே தந்தையும் மகனும் நடக்கின்றனர். தந்தையின் வெகுளி அவன் குணமோ, அன்றி நிலத்தின் வெப்பம் அவனுட் புகுந்ததோ? படத்தின் இறுதியில் சிறு ஊற்றுக்குழியினின்று பெண்கள் பொறுமையோடு நீர் முகக்கும் நெடிய காட்சி வருகின்றது. அது துன்பத்தின் காட்சியோ, பொறுமையின் காட்சியோ? ஐய வினாவைக் கேட்பவன் படத்தைக் கூர்ந்து பார்த்தவனாதல் வேண்டும். பாராதவனுக்கு ஐயம் தோன்ற இடமில்லை.

நான்காவது கொளல் வினா. வணிகரிடம் பயறு உளதோ என்று கேட்பது போல, ஒன்றைத் தான் பெறும்பொருட்டு வினாவுவது. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, நடிகர்க்குத் தந்த ஊதியம் யாது, அடுத்த படத்தில் யார் நடிப்பர் என்பன இவ்வகையின. செய்தித்தாளுக்குத் தலைப்பு வேண்டி வருவோர் இதனையே மிகுதியுங் கேட்பர். இது முற்றும் தவறன்று. பொருளின்றிப் படமில்லை; பணத்தைப் பற்றிய உண்மையும் அறியத்தக்கதே. எனினும் கடைக்காரனிடம் பேசுவது போலவே கலைஞனிடமும் பேசிவிட்டுத் திரும்புதல் இழப்பாகும்.

ஐந்தாவது கொடை வினா. உடையில்லாதானைக் கண்டு, உனக்கு உடை இல்லையோ என்று கேட்பவன், கொடுக்கும் எண்ணத்தோடு கேட்கின்றான். நம் காலத்து நேர்காணலில் மிக அருகிக் காணப்படுவது இதுவே. உம் படத்தைத் திரையிட அரங்கு கிடைத்ததோ? எங்கள் கல்லூரி மண்டபம் உதவுமோ? மாணாக்கர் நூற்றுவர் கட்டணம் செலுத்திக் காண அணியமாய் உள்ளனர், வருவீரோ? இவ்வினாக்களிற் கொடை அடங்கியிருத்தலைக் காண்க.

ஆறாவது ஏவல் வினா. உண்டாயோ என்று கேட்டு உண்ணத் தூண்டுவது போல்வது. பெரிய நடிகரை வைத்து எப்போது படமெடுப்பீர், பாட்டும் சண்டையும் சேர்த்து எல்லாரும் பார்க்கும் வண்ணம் எப்போது எடுப்பீர் என்பன ஏவல் வினாவின் கொடிய வடிவங்கள். கேட்பது போலத் தோன்றினும், உன் வழியை விட்டு எம் வழிக்கு வா என்று கட்டளையிடுவதே அவற்றின் உட்பொருள். இதே வினா நல்வழியிலும் பயன்படும்: உம் ஊரில் இன்னும் சொல்லப்படாத கதைகளை எழுதத் தொடங்கினீரோ என்று கேட்பதும் ஏவலே.

எண்வகை விடை

இனி விடையைக் காண்போம். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என எட்டு வகை கூறுவர். சேலத்திற்கு வழி யாது என்று தொப்பூரில் நிற்பவன் கேட்க, இதுவே என்று கைகாட்டுவது சுட்டு. செய்யேன் என்று மறுப்பது மறை. செய்வேன் என்று உடன்படுவது நேர். இம்மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. அவற்றையும் விடையென்றே கொள்ளுதல் வேண்டும் என்று நூலார் விதித்தார். கலைஞர் பெரும்பாலும் இவ்வைந்தனுள் ஒன்றாலேயே விடை கூறுவர். இவ்வுண்மையை அறியாத நேர்காணுவோர், விடை வந்தும் வரவில்லை என்று எண்ணி ஏமாறுவர்.

மறை என்பதற்கு லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ சான்றாகும். தனுஷ்கோடி மீனவரும் ஈழத்து அகதிகளும் படும் பாட்டைப் பொருளாகக் கொண்ட அப்படத்திற்குச் சான்றிதழ் தர 2011இல் தணிக்கை வாரியம் மறுத்தது. படத்தை எடுத்தவர் பணியாது மேல்முறையீடு செய்து, வெட்டின்றி அனுமதி பெற்றார். அம்மேல்முறையீட்டு நடுவம் 2021இல் கலைக்கப்பெற்றது; இந்நாளில் அத்தகைய வழக்கிற்கு உயர்நீதிமன்றத்தையே நாடுதல் வேண்டும். மறுத்தலின் விலை இதனால் முன்னிலும் மிகுந்துளது என்பதையும் மாணாக்கர் அறிக.

உற்றதுரைத்தல் என்பது, நேர்விடை கூறாது தனக்கு நேர்ந்ததைக் கூறுவது. ஆடுவாயோ என்றால் கால் வலித்தது என்பது உரையாசிரியர் காட்டும் முறை. ‘கூழாங்கல்’ எங்ஙனம் பிறந்தது என்று கேட்டோர்க்கெல்லாம் வினோத்ராஜ் கூறிய விடை இவ்வகையினது. கணவன் வீட்டினின்று துரத்தப்பட்ட தம் தமக்கை, கையிற் குழந்தையோடு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்த செய்தியை அவர் கூறினார். கொள்கை விளக்கம் ஏதும் இல்லை; நடந்தது மட்டுமே. ஆயினும் அவ்விடையைப் படத்தோடு ஒட்டி நோக்குக. வாழ்வில் நடந்தவள் மனைவி; படத்திலோ வெயிலில் நடப்பவன் கணவன். பேருந்துக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை மகன் கிழித்துவிட, தந்தை நடந்தே மீள நேர்கின்றது. துன்பத்தை இடம் மாற்றி வைத்ததே அக்கலையின் நுட்பம். உற்றதை உரைத்த விடையினுள் இத்துணைப் பொருள் ஒளிந்திருந்தது.

சத்யஜித் ராய் தம் முதற் படமாகிய ‘பதேர் பாஞ்சாலி’யைப் பற்றிக் கூறிய செய்தியும் இவ்வகையினதே. நாணற்பூக்கள் வெண்மையாய்ப் பூத்து நின்ற வெளியில் ஒரு நாள் படம் பிடித்தார். அடுத்த வாரம் மீண்டும் சென்றபோது கால்நடைகள் அப்பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும் பருவம் வரக் காத்திருந்தே எஞ்சிய பகுதியை எடுத்தார். பொருள் தீர்ந்து பலகாலும் நின்ற அப்படம், மேற்கு வங்க அரசின் உதவியால் முடிவுற்று 1955இல் வெளியாயிற்று. சுயேச்சைப் படம் எடுப்பது எத்தகையது என்னும் வினாவிற்கு, மாடு மேய்ந்த பூவின் கதையினும் தெளிந்த விடை உண்டோ?

உறுவதுகூறல் என்பது, இனி நேரவிருப்பதைக் கூறுவது. தரகர் கூறியபடி முடிவை மாற்றியிருப்பீரோ என்று கேட்டால், மாற்றின் ஊரார் என் முகத்தில் விழியார் என்று ஒருவர் கூறின், அது மறுப்பே. வினாவெதிர் வினாதல் மற்றொன்று. ‘கொட்டுக்காளி’யில் காதலித்தாள் என்னும் காரணத்தால், பேய் பிடித்ததாகக் கருதி ஒரு பெண்ணை உறவினர் சாமியாடியிடம் அழைத்துச் செல்கின்றனர். அவளோ படம் முழுதும் ஏறத்தாழ வாய் திறவாள். முடிவில் என்ன நேர்ந்தது என்பதைப் படம் தீர்த்துக் கூறாது பார்ப்பவரிடமே விட்டுவிடுகின்றது. முடிவு என்ன என்று பார்ப்பவர் கேட்க, நீர் அவ்விடத்து நின்றால் என்ன செய்வீர் என்று படமே திருப்பிக் கேட்கின்றது. வினாவெதிர் வினாதல் விடையாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

ஏவலும் இனமொழியும் எஞ்சின. இதனை நீ செய்வாயோ என்பானை நோக்கி, நீயே செய் என்பது ஏவல் விடை. ஆடுவாயோ என்பானுக்குப் பாடுவேன் என்பது இனமொழி. ஜான் ஆபிரகாம் 1984இல் நண்பரோடு சேர்ந்து ‘ஒடேசா’ என்னும் மக்கள் இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராய்ச் சென்று, மக்களிடம் சிறுசிறு தொகையாய்ப் பணம் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ என்னும் மலையாளப் படத்தை எடுத்து முடித்தார். உம் முதலாளி யாவர் என்னும் வினாவிற்கு, முதலாளியின் பெயருக்கு மாறாக மக்களைக் காட்டியது அவர் செயல். சொல்லால் அன்றிச் செயலால் அமைந்த இனமொழி அது. 1987இல் அவர் மறைந்தார், அவ்விடை மறையவில்லை.

கேட்போன் கடமை

இவ்விலக்கணத்தை அறிந்த பின்னரும் கேட்போனுக்குச் சில கடமைகள் உள. அவற்றுள் முதலாவது, படத்தை முழுதும் பார்த்துவிட்டுச் செல்லுதல். இது கூறவும் வேண்டுமோ என்பீர். வேண்டும். முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வினாவ வருவோர் பலர். அவர் வினாக்கள் யாவும் கொளலும் ஏவலுமாகவே முடிதலைக் காணலாம்.

இரண்டாவது, ஆளைப் பற்றிய வினாவைப் படத்தைப் பற்றிய வினாவாக மாற்றுதல். வினோத்ராஜ் இளமையிலேயே பள்ளியை விட்டு உழைக்கச் சென்றவர் என்பது அவரே பலகால் கூறிய செய்தி. இதனைக் கேட்டு இரங்குதல் எளிது. ஆனால் இரக்கம் மட்டும் போதாது. சில போழ்து அது இழிவும் ஆகும். வறுமையையே திரும்பத் திரும்ப வினாவின், கலைஞனை அவன் கலையினின்று பிரித்து, காட்சிப்பொருளாக நிறுத்தியவராவோம். உழைத்த கைகளின் அறிவு, காட்சியில் எங்கே புலப்படுகின்றது? மூட்டை சுமப்பவன் நடக்கும் நடையை, சுமந்தறிந்தவனன்றி வேறு யார் அத்துணைச் செவ்வையாய்ப் படம் பிடிப்பர்? இவ்வாறு கேட்பின் அவர் வாழ்வும் மதிக்கப்பெறும். அவர் கலையும் விளங்கும். 2018இல் லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்னும் படத்தில் ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்குவோரின் நடையைக் காண்பார்க்கு எம் கருத்து இனிது விளங்கும்.

மூன்றாவது, படத்திற் காட்டப்பெற்ற ஊராரையும் உரையாடலில் மறவாமை. படமெடுத்தவர் விழாக்களுக்குச் செல்கின்றார், பரிசு பெறுகின்றார். வீட்டு முற்றத்தையும் முகத்தையும் ஈந்த ஊரார் என்ன பெற்றனர்? முடிந்த படத்தை அவர் கண்டனரோ? இது குற்றம் சாட்டும் வினாவன்று. நேர்மையான படைப்பாளர் எவரும் தாமே தம்மைக் கேட்டுக்கொள்ளும் வினா. நாமும் கேட்டல் தகும்.

நான்காவது, காலவரிசையும் காரணவரிசையும் பேணுதல். இதற்கு ஐரோப்பியர் தந்த சான்று ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டு இயக்குநரும் முன்னாள் விமரிசகருமாகிய பிரான்சுவா துருஃபோ, 1962இல் ஆல்பிரெட் ஹிட்ச்காக்கைப் பல நாள் தொடர்ந்து சந்தித்து, ஹெலன் ஸ்காட் என்னும் அம்மையார் மொழிபெயர்த்து உதவ, அவருடைய படங்களை ஒவ்வொன்றாய் வரிசைப்படி எடுத்து வினாவினார். அப்படம் எச்சூழலிற் பிறந்தது, திரைக்கதை எங்ஙனம் அமைந்தது, இயக்குதலில் நேர்ந்த இடர் யாது, முடிந்தபின் அதனைப் பற்றி அவரே எண்ணுவது என்ன என்னும் நான்குமே அவ்வினாக்களின் சாரம். அவ்வுரையாடல் 1966இல் நூலாயிற்று. வெறும் மகிழ்வூட்டுவோர் என்று பலர் கருதியிருந்த ஹிட்ச்காக்கைப் பெருங்கலைஞராக உலகம் மதித்தற்கு அந்நூல் பெரிதும் துணை செய்தது. நல்ல வினா ஒருவர் பெயரையே உயர்த்தவல்லது என்பதற்கு இது போதிய சான்று.

தொப்பூர் கேட்பது

இனி நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீநகரினின்று கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் வழியாகச் செல்கின்றது. எண்ணிறந்த வண்டிகள் அதனைக் கடக்கின்றன. கடப்போர் பலர், நிற்போர் சிலர். அவ்வூர்ப் பெயர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் கணவாய் இறக்கத்தில் சரக்கு லாரி நிலைதவறிய நாளிலேதான். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியை உருளவிடும் வழக்கம் இவ்விபத்துக்களுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. சில ரூபாய் எண்ணெய்க்காக உயிரை ஈடு வைக்கும் நிலை ஓர் ஓட்டுநர்க்கு ஏன் நேர்கின்றது? கணக்குக் கேட்பவர் யார்? விபத்தின் ஓசை கேட்டு முதலில் ஓடி வருவோர் யார்? இவை யாவும் செய்தியின் இரண்டு வரியில் அடங்காதவை. ஒரு படத்தில் அடங்கக்கூடியவை.

வினோத்ராஜின் முதற் படம் நடந்து செல்லும் ஒரு வழியின் கதை. இரண்டாம் படம் ஆட்டோவிற் செல்லும் ஒரு வழியின் கதை. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களின் வழிகள் உலகத்துத் திரைகளில் ஏறின. தொப்பூர் வழி மட்டும் ஏறாதோ? அவ்வூரினின்றோ அதன் அண்டை ஊர்களினின்றோ கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஒருவர், தம் தந்தையின் லாரியைப் பற்றி ஒரு படமெடுக்க எண்ணுவாராக. முதல் நாளில் அவரை நோக்கி நாம் என்ன கேட்போம்? வேலை கிடைக்குமோ என்று கேட்போமாயின் அது ஏவல் வினா. அவர் எண்ணம் அன்றே கருகும். இறக்கத்தின் தொடக்கத்தில் உம் தந்தையார் முதலில் எதனை நோக்குவார் என்று கேட்போமாயின் அது அறியா வினா. அவர் அன்றே முதற் காட்சியை எழுதத் தொடங்குவார். ஒரு வினாவிற்கும் மற்றொன்றிற்கும் இடையே ஒரு கலைஞனின் வாழ்வு நிற்கின்றது என்று கூறின் அது மிகையன்று.

முடிவுரை

சுயேச்சைப் படம் ஒன்று முடிந்தும் மக்களை வந்தடையாது காத்திருக்கும் காலம் நீண்டது. 2021இன் தொடக்கத்தில் பரிசு பெற்று, அவ்வாண்டே ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பெற்ற ‘கூழாங்கல்’, தமிழ்நாட்டார் வீடுகளை இணைய வழியே அடைந்தது 2023இன் பிற்பகுதியிலேதான். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தும் அப்படத்தை நம்மிடையே வாழவைத்தவை உரையாடல்களே. 2020இல் ராட்டர்டாமில் பரிசு பெற்ற ‘நசீர்’ என்னும் படத்தைக் கோயம்புத்தூரில் எடுத்தவர் அருண் கார்த்திக். அதற்கு மூலமாய் அமைந்தது திலீப்குமாரின் சிறுகதை. அச்சிறுகதையைத் தமிழ் வகுப்பிற் படித்து, படத்தையும் கண்டு, இரண்டையும் ஒப்பிட்டு வினா எழுதும் பயிற்சி நம் மாணாக்கர்க்கு எத்துணைப் பயன் தரும் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, ஆண்டுதோறும் ஒரு சுயேச்சைப் படத்தையேனும் உரிய கட்டணம் செலுத்திக் கல்லூரி மண்டபத்தில் திரையிட்டு, எடுத்தவரை அழைத்து உரையாடுதல். இரண்டு, அவ்வுரையாடலுக்கு முன்னரே மாணாக்கர் தம் வினாக்களை எழுதி, அறுவகையுள் எவ்வகையைச் சார்ந்தது என்று பக்கத்திற் குறித்து வருதல். கொளலும் ஏவலும் மிகுந்திருப்பின் அவற்றைக் குறைத்து அறியா வினாவைப் பெருக்கிக்கொள்ளுதல். மூன்று, பழைய மாணாக்கராகிய பெரியோர், தாம் வாழும் ஊர்களில் இத்தகைய படம் அரங்கிற்கு வருங்கால் முதல் மூன்று நாட்களுக்குள் சென்று காணுதல். ஏனெனில் நான்காம் நாள் அது அங்கே இராது.

வினாவத் தெரிந்தவனுக்கே விடை வாய் திறக்கும். நன்னூல் கற்ற நமக்கு வினாவின் வகை தெரியும். கேட்க வேண்டியவரும் நம்மிடையே உளர். இனி வேண்டுவது, மண்டபத்தின் கதவைத் திறந்து, நாற்காலிகளை இட்டு, அவரை அழைப்பதே.